அணிற்பறழ்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதிக்கண் நிற்கும் மரபியல் என்னும் பகுதியைத் தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய யாம் விரும்பிப் படித்தோம் என்று கூறின் அது மெய்யாகாது. அகத்திணையியலும் மெய்ப்பாட்டியலும் எம் உள்ளத்தை ஈர்த்த அளவு அஃது ஈர்த்ததில்லை. இன்ன விலங்கின் இளமைக்கு இன்ன பெயர், இன்னதன் ஆணுக்கு இன்னது, இன்னதன் பெண்ணுக்கு இன்னது என அடுக்கிச் செல்லும் அந்நூற்பாக்களைத் தேர்வுக்கு அஞ்சி நெட்டுருச் செய்தோமேயன்றி, அவை கூறும் உயிர்களை ஒருகாலும் நினைந்திலோம். அவ்வாறு நெட்டுருச் செய்து ஒரு வாரம் கழியாமுன், எம் மாணவர் விடுதித் தோட்டத்தில் நிகழ்ந்த ஒன்று அவற்றுள் ஒரு நூற்பாவை எமக்கு மறக்கவொண்ணாதவாறு கற்பித்தது. அதனை உள்ளவாறே ஈண்டு எழுதுகின்றோம். எம் பிழையும் இதன்கண் உண்டு. அதனை விடுத்து இலக்கணப் பகுதியை மட்டும் எழுதலாம் என்று எம்முள் ஒருவர் கூறினார், மற்றையோர் உடன்பட்டிலர்.

விடுதியின் வடபால் ஒரு கிணறும், கிணற்றைச் சுற்றிச் சில கீரைப்பாத்திகளும், ஒரு பெரிய வேம்பும், வரிசையாகப் பதினொரு தென்னையும் உள்ளன. மாசித் திங்களில் ஒரு சனிக்கிழமை காலை, தேங்காய் பறிப்பவர் வந்து காய்ந்த மட்டைகளையும் பன்னாடைகளையும் கழித்துக்கொண்டிருந்தார். யாம் நால்வரும் வேப்பநிழலில் ஏடுகளை விரித்துக்கொண்டு, படித்ததைவிட மிகுதியாகப் பேசிக்கொண்டிருந்தோம். அப்பொழுது ஐந்தாம் தென்னையினின்றும் ஒரு மட்டை வீழ்ந்தது. மட்டையோடு பந்துபோன்ற ஒன்றும் வீழ்ந்து, கனகாம்பரப் பாத்தியில் உருண்டு நின்றது. மரத்தின்மேல் ஓர் அணில் வாலை வெட்டி வெட்டி அசைத்துக்கொண்டு, செவி துளைக்குமாறு இடைவிடாது கத்தத் தொடங்கிற்று. யாம் எழுந்து ஓடினோம்.

அது கூடு. தென்னம்பன்னாடையின் நாரும், கயிற்றுப் பிரியும், காய்ந்த புல்லும், இலவம்பஞ்சும் சேர்த்து உருட்டிய கூடு. (எம்முள் ஒருவர் பலநாளாகத் தேடிக் காணாது, உடனுறைவார்மேல் ஐயுற்றிருந்த ஒரு கைக்குட்டையின் ஓரமும் அதன்கண் இருந்தது. அவ்வையம் அன்றோடு தீர்ந்தது.) அதனை மெல்ல விலக்கிப் பார்த்தபொழுது உள்ளே மூன்று சிற்றுயிர்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சுருண்டு கிடந்தன. ஒவ்வொன்றும் சிறுவிரல் அளவினது. கண் திறவாதவை. செவிகள் தலையோடு ஒட்டிக் கிடந்தன. தோலின்மேல் மயிர் அப்பொழுதுதான் பூம்பொடிபோல் அரும்பியிருந்தது. எனினும் முதுகின்மேல் மூன்று வரிகள் இன்னும் தீட்டி முடிக்கப்பெறாத ஓவியம்போல் மங்கித் தோன்றின. பிறந்த உயிருக்கு மயிர் நிரம்புமுன்னரே வரி தோன்றுதல் எமக்கு வியப்பாயிருந்தது.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கருதல் வேண்டும். அந்நேரத்தில் யாம் என்ன சொல்லிக் கூவினோம் என்பதே அது. "அணில் குஞ்சு!" என்றார் ஒருவர். "அணிற்பிள்ளை, அணிற்பிள்ளை" என்றார் மற்றொருவர். "குட்டியைத் தொடாதே" என்றார் மூன்றாமவர். நான்காமவர் ஒன்றும் கூறாது நின்றார். ஒரு வாரத்துக்குமுன் ஒன்பது இளமைப் பெயரையும் ஒருமூச்சில் ஒப்புவித்த நால்வருள், ஒருவரேனும் பறழ் என்னும் சொல்லை நினைந்திலர்.

அணிலை நாடோறும் காண்கின்றோமாயினும் அதன் வாழ்க்கையை அறிந்தவர் மிகச் சிலரே. யாமும் அன்று அறியாதவரே. பின்னர் விலங்கியல் ஆசிரியரிடத்தும் நூல்களிடத்தும் கேட்டறிந்தவற்றுள் சில கூறுவோம். நம் முற்றத்தில் ஓடும் அணில் முற்ற வளர்ந்தாலும் ஏறத்தாழ 100 கிராம் எடைதான் இருக்கும். தாய் சூல்கொண்டு ஏறக்குறைய 34 நாளில் ஈனும். ஓரீற்றில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று குட்டிகள் பிறக்கும். பிறக்குங்கால் அவை கண்ணில்லாதவைபோல் கண்மூடி, மயிரின்றி, தாமே தம் உடற்சூட்டைக் காத்துக்கொள்ள இயலாதவையாய் இருக்கும். ஏறத்தாழப் பத்து வாரம் வரை தாய்ப்பாலை நம்பியிருக்கும். தந்தையணில் அவற்றைப் பேணுவதில்லை. கூடு கட்டுதலும், சூடு தருதலும், பாலூட்டுதலும், பகை காத்தலும் தாய் ஒன்றன் கடனே. ஆகவே அன்று தென்னையின்மேல் நின்று கத்திய அவ்வோர் உயிரையன்றி இம்மூன்றற்கும் உலகில் வேறு துணை இல்லை. அஃது எமக்கு அப்பொழுது விளங்கிற்றிலது.

தோட்டத்தைப் பேணும் பெரியவர் மண்வெட்டியோடு வந்து பார்த்தார். "தம்பிமாரே, அதை அந்த நாரோடேயே ஒரு கடகத்தில் வைத்து, மரத்தில் ஆள்உயரத்துக்குமேலே கட்டிவிட்டுத் தூரப் போய்விடுங்கள். தாய் வந்து எடுத்துக்கொள்ளும்" என்றார்.

"தாத்தா, மனிதர் கைபட்டதைத் தாய் தொடாதென்று சொல்வார்களே" என்றோம்.

"யார் சொன்னார்கள்?" என்று கேட்டார் அவர்.

யார் சொன்னார் என்பது எமக்குத் தெரியவில்லை. சிறுவயதுமுதல் கேட்டிருந்தோம், அவ்வளவே. அன்றியும் சுற்றுச்சுவரின்மேல் இரண்டு காகங்கள் வந்து அமர்ந்துவிட்டன. சமையற்கட்டுப் பூனையும் வேலியோரத்தில் தோன்றிற்று. கடகத்தில் வைத்துவிட்டு அகலுதல் அவற்றைக் காகத்துக்கும் பூனைக்கும் கொடுத்தலே ஆகும் என்று எம்மனோர் எண்ணினோம். பெரியவர் கல்வி இல்லாதவர், யாமோ கற்றவர். இவ்வெண்ணம் எம்முள் ஒருவர் வாயினின்றும் வெளிப்பட்டதன்று. ஆயினும் நால்வர் உள்ளத்தும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கின்றோம். மூன்றனையும் ஒரு துவாலையில் ஏந்தி விடுதியறைக்குக் கொண்டு சென்றோம். தென்னையின்மேல் இருந்த அணில் கிணற்றடி வரையில் கத்திக்கொண்டே தொடர்ந்து வந்தது.

அறையில் யாம் செய்தவை யாவும் அன்பினாற் செய்தவையே. சமையற்கட்டினின்றும் பசும்பால் வாங்கி வந்தோம். பஞ்சினைத் திரியாகத் திரித்துப் பாலில் நனைத்தோம். மூன்றனுள் பெரியதாயும் மிகுதியாக அசைவதாயும் இருந்த ஒன்றனை முதலில் எடுத்து, குழந்தையை மடியில் கிடத்துவார்போல மல்லாக்கக் கிடத்தி, திரியை வாயில் வைத்துப் பிழிந்தோம். அது சப்பிற்று; யாம் மகிழ்ந்தோம். மீண்டும் பிழிந்தோம். மூக்கின்வழியே பால் குமிழிட்டது. அஃது இருமுறை தும்மிற்று. போதுமென்று எண்ணித் துணியில் வைத்தோம். ஒரு மணி நேரத்துக்குள் அதன் மூச்சு ஓசையுடையதாயிற்று. பின்னர் இடையிட்டு வந்தது. நண்பகலுணவு மணி அடிக்கும்பொழுது நின்றுவிட்டது. பெரியதாயும் வலியுடையதாயும் இருந்ததனையே முதலில் எடுத்தோம் ஆதலின், வலியுடையதே இறந்தது. மற்றை இரண்டற்கும் பால் புகட்ட எமக்குக் கை எழவில்லை. அதனாலேயே அவை பிழைத்தன.

எம்முள் ஒருவர் விலங்கியல் ஆசிரியர் இல்லத்துக்கு ஓடினார். ஆசிரியர் சினந்திலர். யாம் செய்த பிழைகளை ஒவ்வொன்றாகக் கேட்டறிந்து, அவற்றின் காரணங்களை விளக்கினார். கண்திறவாக் குட்டி குளிர்ந்திருக்கும்பொழுது அதற்கு உணவு கொடுத்தலே தவறாம். சூடு குறைந்த உடலில் செரித்தல் நிகழாது. ஆதலின் முதலில் வேண்டுவது வெம்மையேயன்றிப் பால் அன்று. மல்லாக்கக் கிடத்துதல் அதனினும் பெரிய பிழை. தாயிடத்துக் குட்டி வயிறு கீழாகவோ ஒருக்கணித்தோ கிடந்து பாலுண்ணும். மல்லாந்த குட்டியின் வாயில் பிழிந்த பால் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலை அடைந்துவிடும். இறந்ததற்குக் காரணம் அதுவே. பசும்பாலும் அதற்கு உரியதன்று. ஆவின் பாலில் 100 பங்குக்கு ஏறத்தாழ 4 பங்கு கொழுப்பும் 5 பங்கு பாற்சர்க்கரையும் உள்ளன. அணிலினத்தின் பாலிலோ கொழுப்பும் புரதமும் மிகுதி, சர்க்கரை மிகக் குறைவு. சர்க்கரை மிக்க பாலை அச்சிறு வயிறு தாங்காது. கழிச்சல் உண்டாகி உடலின் நீர் வற்றிவிடும். கைபட்ட குட்டியைத் தாய் ஏற்காதென்பது குறித்துக் கேட்டபொழுது, தாய் தன் குட்டியின் மணத்தை அறிந்துகொள்ளும், நம் கைம்மணம் அதனை மாற்றிவிடாது, அணில் தாய் குட்டியைத் தேடி வருதலே இயல்பு என்றார். "உங்கள் தோட்டத்தில் யாரேனும் இதைச் சொல்லவில்லையா?" என்று அவர் வினவியபொழுது, ஓடிச் சென்ற நண்பர் விடைகூறாது திரும்பினார்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பெரியவரிடம் சென்றோம். அவர் ஒன்றும் கேட்டிலர். ஒரு சிறு கடகத்தைக் கொணர்ந்து அடியில் கூட்டின் நாரையே பரப்பினார். வெந்நீர் நிரப்பிய ஒரு சிறு புட்டியைத் துணியிற் சுற்றி அதன்கீழ் வைக்குமாறு ஆசிரியர் சொல்லியனுப்பியிருந்தார், அவ்வாறே வைத்தோம். இரண்டு குட்டிகளையும் அதன்மேல் இட்டு, அதே தென்னையில் ஏணி வைத்து ஏறிக் கட்டினோம். சமையற்கட்டுப் பூனையைப் பண்டசாலையில் அடைத்தோம். காகங்களை ஓட்டும் பொருட்டு ஒருவர் கிணற்றடியில் நின்றார். மற்றையோர் வேம்பின் பின்னே அமர்ந்தோம்.

நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை. காலை முழுதும் கத்திய அணிலின் குரலும் கேட்கவில்லை. மணி நான்கும் கழிந்தது. வேறிடம் சென்றுவிட்டதோ, பருந்தின் வாய்ப்பட்டதோ என்று பலவாறு ஐயுற்றோம். வெயில் சாயத் தொடங்கியபொழுது மதிலின்மேல் ஓர் அணில் தோன்றிற்று. சில அடி வரும், நின்று தலை நிமிர்ந்து நோக்கும், மீண்டும் பின்வாங்கும். பின்னர் அடிமரத்தைச் சுற்றிச் சுற்றி ஏறிக் கடகத்தின் விளிம்பில் நின்று உள்ளே குனிந்தது. ஒரு குட்டியை வாயாற் புரட்டி, வயிற்றுப்புறத் தோலைப் பற்றித் தூக்கிற்று. குட்டியோ உடலை வளைத்துத் தாயின் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. கண் திறவாத அதற்கு அங்ஙனம் பற்றிக்கொள்ளல் வேண்டுமென்று கற்பித்தவர் யாரென்று எம்முள் ஒருவர் மெல்லக் கேட்டார். தாய் அச்சுமையோடு இறங்கி, பாத்திகளின் ஊடே ஓடி, பண்டசாலைக் கூரையின் ஓட்டிடுக்கில் மறைந்தது. கால்மணி நேரத்துக்குள் மீண்டு வந்து இரண்டாவதையும் எடுத்துச் சென்றது. பெரியவர், "சரி, போகலாம்" என்று எழுந்தார். யாமும் எழுந்தோம்.

அப்பொழுது அது மூன்றாம் முறையும் வந்தது.

கடகத்துள் இறங்கி நாரைக் கிளறிற்று. வெளியே வந்து விளிம்பில் நின்றது. மீண்டும் உள்ளே சென்றது. பின்னர் மட்டை வீழ்ந்த கனகாம்பரப் பாத்தியில் இறங்கி அங்கும் இங்கும் முகர்ந்து திரிந்தது. இருட்டும் வரையில் அது வருவதும் போவதுமாயிருந்தது. இறந்த குட்டி அப்பொழுது எம் அறையில் ஒரு காகிதப் பெட்டியில் இருந்தது. அதனைக் கொணர்ந்து வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார், வேண்டாமென்றார் பெரியவர். இரவு வழிபாட்டுக்குப் பின் அதனை வேம்பின் அடியிற் புதைத்தோம்.

அன்றிரவு படிப்பு நேரத்தில் மரபியலை யாரும் சொல்லாமலே எடுத்தோம். தூற்றுவதற்காக எடுத்தோமா, ஆறுதலுக்காக எடுத்தோமா என்று இன்றும் சொல்ல இயலவில்லை. அவ்வியல் இளமைப் பெயர்களாக ஒன்பதனை நிறுத்துகின்றது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்பன அவை. பின்னர் இன்னின்னவற்றுக்கு இன்னின்னது உரித்தென்று பங்கிட்டுச் செல்கின்றது. பறப்பனவற்றுக்குப் பார்ப்பும் பிள்ளையும் உரியன, தவழ்வனவும் அவ்வாறே. நாயும் பன்றியும் புலியும் முயலும் குருளை பெறும், நரியும் பெறும். ஆடும் குதிரையும் மானின் வகைகளும் மறி பெறும். யானை கன்றும் பெறும், குழவியும் பெறும். மூங்கா, வெருகு, எலி, அணில் ஆகிய நான்கும் குட்டி என்னும் பெயர்க்கு உரியன என்றும், அவற்றைப் பறழ் என்றாலும் மாறுபாடில்லை என்றும் நூல் கூறும். மூங்கா என்பது கீரியினம் என்பர், வெருகு காட்டுப்பூனை. நான்கும் சிறு விலங்குகள், மறைவிடத்து ஈனுவன, கண்மூடிய குட்டிகளை ஈனுவன. இந்நான்கனையும் ஒருங்கு வைத்த புலவர், இல்லத்தின் மூலையிலும் வேலியோரத்திலும் குனிந்து பார்த்தவராகவே இருத்தல் வேண்டும் என்று எமக்கு அன்று தோன்றிற்று. நெட்டுருச் செய்த காலத்தில் தோன்றவில்லை.

ஆகவே, கனகாம்பரப் பாத்தியருகே மூன்றாமவர் கூறிய குட்டி என்பது நூல்வழிச் சரி. குஞ்சு என்பது ஒன்பதனுள் இல்லை, பிற்கால வழக்கு. கோழிக்கும் மீனுக்கும் எலிக்கும் அதனை இன்று பொதுவாக வழங்குகின்றோம். அணிற்பிள்ளை என்றாரே ஒருவர், அதன் நிலை என்ன? இதில்தான் எம்முள் பெரும் வழக்கு மூண்டது.

பிள்ளை என்னும் பெயரை மரபியல் பறவைக்குக் கொடுக்கும், ஊர்வனவற்றுக்குக் கொடுக்கும், பன்றி, புலி, முயல், நரி என்பவற்றுக்கும் கொடுத்து, நாய்க்கு மட்டும் விலக்கும், குரங்குக்கும் கொடுக்கும், மரஞ்செடிகளுக்கும் கொடுக்கும். அணிலுக்குக் கொடுக்கவில்லை. இவற்றினும் வியப்பானது, மக்களுக்கும் கொடுக்கவில்லை என்பது. குழவி, மகவு என்னும் இரண்டல்லாத பிற மக்களுக்கு உரியன அல்ல என்று அந்நூல் வரையறுக்கின்றது. இன்றோ பிள்ளை என்றவுடன் மக்கட்குழவியே முதற்கண் நினைவுக்கு வருகின்றது. பறவைக்கும் விலங்குக்கும் மரத்துக்கும் உரியதாயிருந்த பெயர் மனிதர் வீட்டுக்குள் புகுந்து, அன்பின் பெயராகி, பின்னர் அவ்வன்பையும் சுமந்துகொண்டு மீண்டும் தோட்டத்துக்குச் சென்று அணிலின்மேல் அமர்ந்தது போலும். அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை, கிளிப்பிள்ளை என்பவற்றை முற்ற வளர்ந்தவற்றுக்கும் வழங்குகின்றோமாதலின், அங்குப் பிள்ளை என்பது இளமைப் பெயரே அன்று. நம் பரிவைக் காட்டும் ஒட்டுமொழி. எம்முள் ஒருவர் இதனை மரபுவழு என்றே சாதித்தார். மற்றொருவர், வழக்கும் செய்யுளும் ஆகிய இரண்டனையும் நாடியே தொல்காப்பியம் செய்யப்பட்டது என்று அதன் பாயிரமே கூறுமாதலின், இன்றைய வழக்கும் நாளைய மரபாம் என்றார். தமிழாசிரியரிடம் கொண்டு சென்றபொழுது அவர் இருவரையும் நோக்கி, "தேர்வில் குட்டி என்றும் பறழ் என்றும் எழுதுங்கள், தோட்டத்தில் பிள்ளை என்று சொல்லிக்கொள்ளுங்கள்" என்றார். வழக்குத் தீர்ந்ததாக எமக்குத் தோன்றவில்லை.

இன்னும் ஒன்று. அந்நூற்பா வாளா அணில் என்னாது, மூன்று வரியுடையது என்று அடைகொடுத்துக் கூறும். இவ்வடை எற்றுக்கு? செய்யுளின் ஓசை நிரப்புதற்கு வந்ததா, வேறோர் அணிலை விலக்குதற்கு வந்ததா? இனஞ்சுட்டாத அடை உலக வழக்கில் வாராது, செய்யுளில் வரும் என்று தொல்காப்பியரே கிளவியாக்கத்துள் கூறியுள்ளார். செஞ்ஞாயிறு என்பது உரையாசிரியர் காட்டும் பழைய எடுத்துக்காட்டு. கருஞாயிறு என ஒன்று இன்மையின் அவ்வடை இனஞ்சுட்டாதது. மூவரி என்பது அதுபோன்றதா? யாம் முதலில் அவ்வாறே கருதினோம். விலங்கியல் ஆசிரியர் கூறிய செய்தி எம் கருத்தை மாற்றிற்று. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1766-இல் நம் அணிலுக்குப் பனையணில் என்று பொருள்படும் பெயரிட்டு நூலில் ஏற்றினார். 1835-இல் லெசன் என்பார் இவ்வினத்துக்கு ஃபனாம்புலஸ் என்று பெயரிட்டார். கயிற்றின்மேல் நடப்பவன் என்பது அதன் பொருள். துணிகாயும் கொடியின்மேல் அணில் ஓடுதலைக் கண்டவர்க்கு அப்பெயரின் தகுதி விளங்கும். வட இந்தியாவில் முற்றங்களில் ஓடும் அணிலுக்கு முதுகில் ஐந்து வரி. அதனை ராட்டன் என்பார் 1905-இல் தனியினமாகப் பெயரிட்டு வேறுபடுத்தினார். இவ்விரண்டற்கும் இன்று வழங்கும் பொதுப் பெயர்களும் மூவரி, ஐவரி என்னும் கணக்கினவே. மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் மூவரியுடைய பிறிதோர் இனமும் உண்டு. வரியே இல்லாத பெரிய மலையணில்களும் நம் மலைகளில் வாழ்கின்றன. அவற்றுள் சாம்பல் நிறத்ததன் பொருட்டுத் திருவில்லிபுத்தூரில் 1988-இல் ஒரு புகலிடம் அமைக்கப்பெற்று, அப்பகுதி 2021-இல் புலிகள் காப்பகத்துள் அடங்கிற்று. வரியில்லாத அணிலும் தமிழ்நிலத்தில் இருத்தலின், மூவரி என்னும் அடை இனஞ்சுட்டியதே என்று கொள்ளுதற்கு இடமுண்டு. முடிந்த முடிபென்று கூறத் துணியோம். எனினும் மேனாட்டார் பின்னாளில் எண்ணிக் கண்ட வரிகளை மரபியலார் முன்னரே எண்ணி வைத்தார் என்பதில் ஐயமில்லை.

அவ்வரிகள் இராமபிரான் தடவிய விரற்சுவடு என்பது நாட்டில் வழங்கும் கதை. கடலை அடைக்கச் சென்ற அணிலைத் தொண்டரடிப்பொடியாழ்வார் தம் திருமாலையில் பாடியுள்ளார்; ஆயினும் அணிலின் தொண்டினைக் கூறுகின்றாரேயன்றி அப்பாட்டில் வரியைக் கூறிற்றிலர்.

பிள்ளை என்னும் பெயரைப் பற்றிய வழக்கின் நடுவே தென்னம்பிள்ளையும் வந்து சிக்கிற்று. ஓரறிவுயிர்க்குப் பிள்ளை, கன்று முதலிய பெயர்கள் வரலாம் என்ற மரபியல், நெல்லுக்கும் புல்லுக்கும் அவை ஆகா என்று விலக்குகின்றது. அவ்வியலே, புறத்தே வயிரமுடையதைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையதை மரம் என்றும் பிரிக்கின்றது. தென்னையும் பனையும் புறவயிரம் உடையன, ஆகவே புல். (இக்காலத்துப் பயிர்நூலாரும் தென்னையை வேம்பின் பக்கத்தில் வையாது, நெல்லும் புல்லும் அடங்கிய ஒருவித்திலைப் பகுதியிலேயே வைக்கின்றனர்.) தென்னை புல்லாயின், தென்னம்பிள்ளை என்று நாம் சொல்லுதல் எங்ஙனம்? விலக்கிய நூற்பாவிலுள்ள புல் என்பது அறுகு போன்ற சிறுபுல்லை மட்டுமே குறிக்கும் என்று எம்முள் இருவர் கருதுகின்றோம். இதனை அடுத்த ஆண்டு வகுப்பினர்க்கு விடுகின்றோம்.

அணில் சங்கப் பாட்டிலும் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில், அணிலும் எலியும் ஏறி விளையாடாதவாறு ஈந்தின் இலையால் வேய்ந்த எயினர் குடிசை கூறப்படுகின்றது. குறுந்தொகை 41-ஆம் பாட்டைப் பாடியவர் பெயர் தெரியவில்லை; அவர் பாட்டிலுள்ள சொற்றொடரையே பெயராக்கி அணிலாடு முன்றிலார் என்று வைத்தனர். காதலர் உடனிருக்குங்கால் விழாக்கொண்ட ஊர்போல மகிழ்வேன். அவர் பிரிந்தக்கால் மக்கள் நீங்கிய வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுவதுபோலப் பொலிவிழந்து புலம்புவேன் என்று தலைவி கூறுவதாக அப்பாட்டு அமைந்துள்ளது. வகுப்பில் இதனைப் படித்தபொழுது எமக்கு ஒரு குறை தோன்றியிருந்தது: ஓடியாடும் அணிலைத் துன்பத்துக்கு உவமையாக்கல் பொருந்துமோ என்பது. அணில் அஞ்சி வாழும் உயிர்; மக்கள் நடமாட்டம் உள்ளவரை மதிலிலும் மரத்திலும் இருக்கும்; முற்றத்தின் நடுவே அச்சமின்றி ஆடுகின்றதென்றால் அவ்வீட்டில் காலடி ஓசை நின்று பலநாள் ஆயிற்று என்பது பொருள். மதிலின்மேல் நின்று நின்று, தலை நிமிர்ந்து பார்த்துப் பார்த்து வந்த தாயணிலைக் கண்ட பின்னரே இது விளங்கிற்று.

தேர்வு முடிந்து கோடை விடுமுறைக்கு யாவரும் ஊர்க்குச் சென்றோம். விடுதி பூட்டிக் கிடந்தது. ஆனித் திங்களில் யாம் முதலிருவர் திரும்பி வந்தபொழுது, அறைகள் இன்னும் திறக்கப்பெறவில்லை. முற்றத்தில் வேப்பம்பழம் உதிர்ந்து பரந்திருந்தது. அதன் நடுவே மூன்று அணில்கள் இருந்தன. ஒன்று பெரியது, மற்றையிரண்டும் அதனினும் சற்றே மெலிந்தவை. பழத்தை முன்னங்கால்களால் உருட்டிக் கொறித்துக்கொண்டிருந்தன.

பெரியவர் கிணற்றடியினின்றும் எம்மைக் கண்டு வந்தார். ஊர்ச்செய்தி கேட்டார், மழை பெய்ததா என்றார். பின்னர் அவற்றைக் காட்டி, "பண்டசாலைக் கூரையில் இருந்ததுகள்தாம் தம்பி. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்" என்றார். அவைதாமா என்று அறிய யாம் இரண்டடி முன் சென்றோம். எம் காலடி கேட்டு மூன்றும் வேம்பின் மேலேறி இலைக்குள் மறைந்தன.